தோட்டமும் துப்பாக்கியும்: மலாக்கா மண் கண்ட ஆயுத வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எந்தக் கைத்துப்பாக்கி நம்பகமானது? மறைத்து எடுத்துச் செல்ல வசதியானது எது? திடலில் குறிபார்த்துச் சுடப் பழகுவதற்கு ஏற்றது எது? அமெரிக்கா போன்ற நாடுகளில் இவை வாடிக்கையாளர் கடைக்காரரிடம் கேட்கும் சாதாரணக் கேள்விகள். மலேசியாவில் கடைக்குப் போவதற்கு முன்னால் போலீஸ் நிலையத்தைக் கடக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்தத் துப்பாக்கி?" என்பதல்ல, "யாருக்கு, எதற்கு?" என்பதுதான்.

ஆனால் இதே நாட்டில், ஏன், இதே மலாக்கா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில், எந்தத் துப்பாக்கி நம்பகமானது என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமே அது. மூத்த தலைமுறையினர் அதை இன்றும் 'டாருராட் காலம்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி யார் யாருக்குக் கிடைத்தது, யார் யாருக்கு மறுக்கப்பட்டது, யாரைத் தூக்குமேடை வரை கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இன்றைய ஆயுதச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது புரியும்.

ஆயுதங்கள் எங்கிருந்து வந்தன?

மலாயாவின் ரப்பர் வரலாறே மலாக்காவில் தொடங்குகிறது. 1896-இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் ஆசாஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களின் லயங்களும் பெருகின. அந்தக் காலத்துத் தோட்டத்தில் துப்பாக்கி என்பது துரையின் பங்களாவில் சுவரில் தொங்கிய வேட்டைத் துப்பாக்கிதான். தொழிலாளியின் கையில் இருந்தது பால்வெட்டும் கத்தியும் வாளியும் மட்டுமே.

இரண்டாம் உலகப் போர் இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது. ஜப்பானியர் ஆட்சியில், 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டப் பாட்டாளிகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற ஒரு சமூகம், முதல் முறையாகத் தோளில் துப்பாக்கி சுமந்து நிமிர்ந்து நடந்தது. இந்த மனமாற்றத்தைச் சாதாரணமாக எடைபோட முடியாது.

மறுபக்கம், காட்டுக்குள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை இயங்கியது. பிரிட்டனின் 136-ஆம் படைப்பிரிவு விமானங்கள் மூலம் அதற்கு ஆயுதங்களைப் போட்டது. 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. பல ஆயுதங்கள் திரும்பி வந்தன. ஆனால் எல்லாம் வரவில்லை. எண்ணெய் தடவி, சுருட்டிக் கட்டி, காட்டுக்குள் புதைக்கப்பட்டவை ஏராளம். மூன்றாண்டுக்குள் அவை மீண்டும் வெளியே வந்தன.

துரையின் இடுப்பில் ஏறிய ரிவால்வர்

1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். எல்பில் தோட்டத்தின் ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே மாண்டார். அடுத்த தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. தங்களுக்கு ஆயுதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று தோட்ட நிர்வாகிகள் குரல் எழுப்பினர்.

அந்த நாள் முதல் துரையின் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியது. ஜீப்பிலும் காரிலும் இரும்புத் தகடு பொருத்தப்பட்டது. அதிகாலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது, பக்கத்தில் 'எஸ்.சி.' என்று மக்கள் அழைத்த சிறப்புப் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றனர். இவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

எந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வது? இங்கேதான் 'நம்பகம்' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வருகிறது. அப்போது கைத்துப்பாக்கிகளில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, பிரிட்டிஷ் போலீசும் இராணுவமும் நெடுங்காலம் பழகியிருந்த .38 ரிவால்வர். ஆறு தோட்டாக்கள் உருளையில் அடைபட்டிருக்கும். இன்னொன்று, பிடிக்குள் தோட்டாப் பெட்டியைச் செருகிச் சுடும் பிஸ்டல். 1935-இல் வெளிவந்த பிரௌனிங் வகைப் பிஸ்டல் 13 தோட்டாக்களைக் கொள்ளும்.

கணக்குப் பார்த்தால் பதின்மூன்று ஆறைவிடப் பெரிது. ஆனால் மலாயாவின் புழுக்கம் அந்தக் கணக்கை மாற்றிவிடும். தோலுறைக்குள் கிடக்கும் இரும்பு வியர்வையிலும் மழை ஈரத்திலும் துருப்பிடிக்கும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். போர்க்காலத்தில் செய்து நாள்பட்ட தோட்டா சில நேரம் வெடிக்காது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படியல்ல. மேற்புற இரும்பைக் கையால் பின்னுக்கு இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பயிற்சி இல்லாதவர் கலவர நேரத்தில் இதைச் செய்வது கடினம். பெட்டியின் விளிம்பு சற்றே வளைந்தாலும், உள்ளே மண் புகுந்தாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். மறுபுறம், பழகிய கைக்குப் பிஸ்டல்தான் விரைவானது. மறுபடி தோட்டா நிரப்புவதும் எளிது.

போர்க்காலத்தில் மலிவாக, வேகமாகச் செய்து குவிக்கப்பட்ட ஸ்டென் துப்பாக்கியும் அப்போது புழக்கத்தில் இருந்தது. தோட்டா ஏற்றிய நிலையில் கீழே விழுந்தால் அது தானாகவே வெடித்துவிடக் கூடியது. எதிரியைவிட வைத்திருப்பவரையே அதிகம் பயமுறுத்திய ஆயுதம் எனலாம்.

ஆகவே நம்பகம் என்பது துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயரில் மட்டும் இல்லை. தினமும் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம், புதிய தோட்டா, முறையான பயிற்சி, பூட்டி வைக்கும் ஒழுங்கு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நம்பகம். இன்று சுடும் திடலில் பயிற்சி கொடுப்பவர்களும் இதையேதான் முதல் பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆயுதம் ஏந்தியும் உயிர் தப்பாதவர்கள் உண்டு. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் வழியில், ஆயுதக் காவலோடு சென்ற பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்ரி கர்னியே சுட்டுக்கொல்லப்பட்டார். பதுங்கியிருந்து தாக்குபவனுக்கு எதிராக இடுப்பிலிருக்கும் கைத்துப்பாக்கி எவ்வளவு பயன்படும் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே

சரி, தோட்டத் தமிழ்த் தொழிலாளியின் நிலை என்ன? அவனிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளும் அவனையே குறி பார்த்தன. பால்வெட்டப் போகும் நிரையில் காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசியும் செய்தியும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் ஆபத்து. கொடுத்தது தெரிந்தால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். தோட்ட வருமானத்தைக் கெடுக்க ரப்பர் மரங்களின் பட்டை வெட்டிச் சிதைக்கப்பட்டது. மரம் பாழானால் முதலில் வேலை இழப்பவன் அதே தொழிலாளிதான்.

1950-இல் ஜெனரல் சர் ஹெரல்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி காட்டோரக் குடியேறிகள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். இதைப் பலரும் அறிவார்கள். அதே திட்டத்தில் தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிடத்தில் ஒன்றுதிரட்டப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி போடப்பட்டது. வாசலில் சோதனை. 1948-இல் வந்த அடையாள அட்டை இல்லாமல் நடமாட முடியாது. உணவுக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த இடங்களில், வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பால்வெட்டப் போன தாய்மார்கள், வேலை முடிந்து திரும்பிய பிறகே வாயில் கவளம் வைத்தார்கள்.

மலாக்காவின் கிழக்கெல்லையில் லேடாங் மலைக்காடு நிற்கிறது. ஆசாஹான் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தக் காடு கூப்பிடு தூரம். கடலோரப் பகுதிகளோ அமைதி பெறத் தொடங்கியிருந்தன. 1953 செப்டம்பர் 3-ஆம் தேதி, ஜெனரல் சர் ஜெரால்ட் டெம்பளர் காலத்தில், மலாக்காவின் கடலோரத்தில் 221 சதுர மைல் பரப்பு 'வெள்ளைப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. மலாயாவிலேயே முதல் வெள்ளைப் பகுதி அதுதான். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. வேலிக்குள் வாழ்ந்த மக்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா, ஒரு தூக்கு

அவசரகால விதிகளின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும். துரையின் இடுப்பில் இருந்தால் பாதுகாப்பாகக் கருதப்பட்ட அதே பொருள், இன்னொருவர் இடுப்பில் இருந்தால் தூக்குக் கயிறாக மாறியது.

இந்த விதி காவு கொண்டவர்களில் தமிழர்கள் மறக்க முடியாத பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தின் பதிவு பறிபோனது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே கணபதி பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அதைக் கண்டெடுத்ததாகவும், போலீசிடம் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியாவில் நேருவின் அரசாங்கம் கருணை காட்டுமாறு வேண்டியது. அதுவும் பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய சகத் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு தமிழ்த் தொழிலாளர் தலைவர்கள் மறைந்தனர்.

ஆனால் எல்லா வழக்குகளும் தூக்கில் முடியவில்லை. சம்பசிவம் என்ற தமிழர் 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டா வழக்கில் அவர் விடுதலையானார். துப்பாக்கி வழக்கு மட்டும் மறுவிசாரணைக்குப் போய், அதில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரை, அடுத்த விசாரணையில் அதே குற்றத்தைச் செய்தவர்போல் நடத்த முடியாது என்று 1950-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சம்பசிவம் உயிர் தப்பினார். பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பாக அது நிலைத்துவிட்டது.

தாய்நாட்டிலும் இதே கதை

துப்பாக்கி யாருக்கு என்ற கேள்வி தமிழர்களுக்கு மலாயாவில் வந்து புதிதாகத் தெரிந்ததல்ல. 1878-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பிரௌனிங் பிஸ்டல். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். வாஞ்சி அதே பிஸ்டலால் தன்னையும் மாய்த்துக்கொண்டார். சட்டம் மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது. பறித்த இடத்தில் அமைதி வந்துவிடவில்லை என்பதற்கு அந்த நிகழ்ச்சியும் ஓர் எடுத்துக்காட்டு.

சமாதானப் பேச்சும் புதிய சட்டமும்

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடா மாநிலத்தின் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் சந்தித்தார்கள். பேச்சு உடைந்தது, ஆயுதத்தை யாரிடம், எப்படிக் கீழே வைப்பது என்ற இடத்தில்தான். சில வாரங்களில், 1956 பிப்ரவரி 20-ஆம் தேதி, சுதந்திரத் தேதியைத் துங்கு மக்களுக்கு அறிவித்தது மலாக்கா பண்டா ஹிலிர் திடலில். 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. காட்டில் எஞ்சியிருந்தவர்கள் ஆயுதத்தைக் கைவிட்டது 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹட்யாய் ஒப்பந்தத்துக்குப் பிறகே.

அவசரகாலம் முடிந்த அதே 1960-ஆம் ஆண்டில்தான் இன்றும் நடப்பிலுள்ள ஆயுதச் சட்டம் உருவானது. அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரண தண்டனையைத் தொடர்ந்தது. 1970-களில் கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளையன் பொத்தாக் சின் அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1981-இல் தூக்கிலிடப்பட்டான். 1977-இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் இதே தண்டனை விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு அவன் ஹென்ரி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அந்தப் பெயர் தாங்கிய பள்ளி மலாக்காவின் தெலுக் மாஸில் இருக்கிறது.

1971-இல் வந்த துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. குற்றம் புரியும்போது சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. 2023-இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை அகற்றியது. இப்போது நீதிபதி மரண தண்டனைக்குப் பதிலாக நீண்ட காலச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். தண்டனையின் வடிவம் மாறியிருக்கிறது, கடுமை குறையவில்லை.

இன்றைய கேள்வி

முறையாகத் துப்பாக்கி சுடப் பழக விரும்புவோருக்கு வழி இல்லாமல் இல்லை. மாநிலப் போலீஸ் தலைமையகத்தின் உரிமமும், அங்கீகாரம் பெற்ற சுடும் சங்கத்தின் உறுப்பியமும் அதன் அடிப்படை. 1998 காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கி சுடும் போட்டிகள் லங்காவியில் நடந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று குறி பார்த்ததை உலகமே வியந்தது. போட்டிக்கான 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. அதன் விசை 500 கிராம் அழுத்தத்துக்குக் குறைவாக இயங்கக் கூடாது. அங்கே மறைப்பதற்கோ மிரட்டுவதற்கோ இடமில்லை. மூச்சடக்கமும் மன ஒருமையும்தான் வெற்றி தருகின்றன.

ஒன்றைப் பெற்றோர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. பார்வைக்கு உண்மைபோல் இருக்கும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றமே. 'பொம்மைதானே' என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது.

2013-இல் குண்டர் கும்பல்களுக்கு எதிராகப் பெரும் போலீஸ் நடவடிக்கை நடந்தபோது, உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கில் கும்பல் உறுப்பினர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். அவர்களில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சமூகத்துக்கு இது அதிர்ச்சியான எண். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலும் வீடும் சரியாகக் கிடைக்கவில்லை. நகர்ப்புறத்தின் விளிம்பில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பாதுகாப்பையும் மரியாதையையும் கும்பலிடம் தேடிப் போனார்கள். சட்டத்தின் கடுமையை மட்டும் வைத்து இதற்குத் தீர்வு காண முடியாது. ஆயினும் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதே தெரியாமல் ஒரு பிள்ளை நண்பனின் துப்பாக்கியைத் தன் பையில் வாங்கி வைத்துக்கொள்வதைத் தடுக்க முடியும். அதை வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் பேச வேண்டும்.

மலாக்காத் தோட்டங்களில் கம்பி வேலிக்குள் வாழ்ந்து, பிரட்டுக்களத்தில் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்று, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டன் பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆயுதம் ஏதும் இல்லாமல் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும். அரசாங்கக் கோப்புகளில் துரைமார்களின் அறிக்கைகள் பத்திரமாக இருக்கின்றன. தொழிலாளியின் பக்கத்துக் கதையைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு அவர்களுடைய குடும்பங்களிடமே இருக்கிறது.